மூளை எம்ஆர்எஸ்-இல் அதிர்வெண் நகர்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

எம்ஆர்எஸ் என்பது எம்ஆர்ஐ இயந்திரத்திலேயே மூளையின் வேதிப்பொருட்களை அளக்கும் ஸ்கேன். ஒவ்வொரு பொருளும் ஸ்பெக்ட்ரம் என்ற வரைபடத்தில் தன் அதிர்வெண்ணில் பீக்காகத் தெரியும். ஸ்கேன் முடிந்து ஸ்பெக்ட்ரத்தைத் திறந்தால் பீக்குகள் மழுங்கிக் கிடக்கும். இல்லையென்றால், கழித்தெடுத்த ஸ்பெக்ட்ரத்தில் 3.2 பிபிஎம் (ஸ்பெக்ட்ரத்தின் அதிர்வெண் அளவுகோல்) அருகே மேலும் கீழுமாக ஏதோ ஒன்று நெளியும். இந்த இரண்டையும் நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. பெரும்பாலான சமயம் காரணம் ஒன்றுதான்: ஸ்கேன் ஓடிய பத்து நிமிடத்துக்குள் காந்தப்புலம் மெல்ல நகர்ந்திருக்கும், கூடவே அதிர்வெண்ணும் நகர்ந்திருக்கும்.

இதற்கு மென்பொருளில் திருத்தம் உண்டு. ஆனால் எல்லா நகர்வுக்கும் ஒரே திருத்தம் பொருந்தாது. சில இழப்புகளை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குவோம். கீழே வரும் எண்கள் 3 டெஸ்லா ஸ்கேனருக்கானவை. அங்கே 1 பிபிஎம் என்பது ஏறக்குறைய 128 ஹெர்ட்ஸ். உங்கள் இயந்திரத்தின் மைய அதிர்வெண் 123 மெகாஹெர்ட்ஸ் என்றால் 123 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு படம்

ஒவ்வொரு ஷாட்டும், அதாவது ஒவ்வொரு முறை எடுத்த சிக்னலும், தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 320 ஷாட் எடுத்திருந்தால் கோப்பில் 320 சிக்னல் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஸ்கேனரே சராசரி போட்டுவிட்டது. நகர்வு அதற்குள் கலந்துபோயிற்று, இனி அதைப் பிரிக்க வழியில்லை. உடனே ஸ்கேனர் கணினிக்குப் போய் மூலத் தரவு இன்னும் இருக்கிறதா என்று தேடுங்கள். இட நெருக்கடியால் அது சில நாட்களிலேயே அழிந்துபோவது சகஜம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்காதீர்கள்.

தனி ஷாட்டுகள் கிடைத்துவிட்டால், தலையைச் சுற்றியுள்ள ஏற்புச் சுருள்களின் சிக்னலை ஒன்றுசேர்த்த பிறகு, ஒவ்வொரு ஷாட்டிலும் கிரியேட்டின் பீக் எந்த அதிர்வெண்ணில் நிற்கிறது என்று நேரத்துக்கு எதிராக வரையுங்கள். அது 3.03 பிபிஎம்மில் இருக்க வேண்டும். தனி ஷாட்டில் கிரியேட்டின் தெரியவில்லை என்றால் மிச்ச நீர் பீக்கை (நீரின் சிக்னலை அடக்கிய பிறகும் எஞ்சுவது) வைத்து வரையலாம். கேனட், ஆஸ்ப்ரே, எஃப்ஐடி-ஏ போன்ற மென்பொருள்கள் இந்தப் படத்தைத் தாமே வரைந்து கொடுக்கும். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

படம் மூன்று வடிவங்களில் ஒன்றாக இருக்கும். ஒரே பக்கமாகச் சரிந்துகொண்டே போனால் அது இயந்திரத்தின் வேலை. ஓரிடத்தில் படிபோலத் தாவினால் தலை அசைந்திருக்கிறது. அலை அலையாக ஏறி இறங்கினால் மூச்சு. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் கீழே எதையும் தொட வேண்டாம்.

## அறிகுறி 1: ஷிம் நன்றாக இருந்தும் பீக்குகள் அகலமாக, குட்டையாக இருக்கின்றன

ஷிம் என்பது ஸ்கேனுக்கு முன் காந்தப்புலத்தைச் சீராக்குவது. ஸ்கேன் தொடங்கும் முன் நீர் பீக்கின் அகலம் நல்ல எண்ணாகத்தான் இருந்தது. ஆனால் இறுதி ஸ்பெக்ட்ரத்தில் கோலினுக்கும் கிரியேட்டினுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பள்ளம் பாதி தூர்ந்துபோயிருக்கிறது. அந்த இரண்டுக்கும் இடைவெளி 25 ஹெர்ட்ஸுக்கும் குறைவு என்பதால், அகலம் கூடியதும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தப் பள்ளம்தான்.

### படத்தில் 2 ஹெர்ட்ஸுக்குள் சரிவு

நகர்வு குற்றவாளி அல்ல. 6 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பீக் ஸ்கேன் முழுக்க 2 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் உயரத்தில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் போகும். கண்ணுக்கே தெரியாது. ஷிம்மைத்தான் மறுபடி பாருங்கள். ஷிம் செய்த பின் ஆள் அசைந்தாரா, வாக்ஸல் (அளக்கும் மூளைப் பகுதி) எலும்புக்கோ காற்றறைக்கோ பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

### படத்தில் 5 முதல் 20 ஹெர்ட்ஸ் வரை சரிவு

அதே 6 ஹெர்ட்ஸ் பீக் 10 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் உயரம் ஏறக்குறைய அறுபது சதவீதத்துக்கு இறங்கிவிடும். பரப்பு மாறாது, ஆனால் பொருத்தும் மென்பொருள் தடுமாறும்.

செலவில்லாத திருத்தம்: சராசரி போடும் முன் ஒவ்வொரு ஷாட்டையும் அதிர்வெண்ணிலும் ஃபேஸிலும் (அலையின் கட்டம்) நேர்செய்யுங்கள். நான் முதலில் போவது 2015-இல் ஜேமி நியரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஸ்பெக்ட்ரல் ரெஜிஸ்ட்ரேஷன் முறைக்குத்தான். அது பீக் எங்கே என்று தேடுவதில்லை. முழு சிக்னலையும் நேரக்களத்திலேயே (ஸ்பெக்ட்ரமாக மாற்றும் முன்) ஒப்பீட்டுக்கான ஒரு மாதிரி ஷாட்டோடு பொருத்திப் பார்க்கிறது. அதனால் ஒரு பீக் பலவீனமாக இருந்தாலும் சமாளிக்கும்.

வரிசையைக் குழப்பாதீர்கள். சுருள்களைச் சேர்ப்பது, கெட்ட ஷாட்டுகளை நீக்குவது, நேர்செய்வது, அதன் பின் சராசரி. சிக்னலை மென்மையாக்குவது, பூஜ்யங்களைச் சேர்த்து நீட்டுவது போன்றவை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அடுத்த ஸ்கேனுக்கான திருத்தம்: அன்றைய ஸ்கேன்களின் வரிசையைப் பாருங்கள். எம்ஆர்எஸ்ஸுக்கு முன்னால் எஃப்எம்ஆர்ஐ (மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் ஸ்கேன்) அல்லது டிஃப்யூஷன் (நீரின் பரவலை அளக்கும் ஸ்கேன்) ஓடியதா? அவை கிரேடியன்ட் சுருளை (சிக்னல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிரிக்க உதவும் காந்தச் சுருள்) சூடாக்கும். அந்தச் சூடு காந்தத்தின் உட்சுவரில் பதித்திருக்கும் இரும்புத் துண்டுகளுக்கு ஏறும், புலம் நகரும். ஸ்கேன் நின்ற உடனே இது நிற்காது, ஆற அரை மணிக்கு மேலும் ஆகலாம். எம்ஆர்எஸ்ஸை வரிசையில் முன்னுக்குக் கொண்டுவருவதைவிடச் சுலபமான வைத்தியம் இதற்குக் கிடையாது. நாங்கள் மாதக் கணக்கில் மென்பொருளோடு மல்லுக்கட்டிய ஒரு பிரச்சினை, எஃப்எம்ஆர்ஐயைக் கடைசிக்குத் தள்ளிய அன்றே பெருமளவு தீர்ந்தது. வரிசையை மாற்ற முடியாத ஆய்வு என்றால், நீண்ட ஸ்கேனை ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் மைய அதிர்வெண்ணை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

வாக்ஸலே இடம் மாறிவிடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். 10 ஹெர்ட்ஸ் நகர்வுக்கு 3 செ.மீ. வாக்ஸல் கால் மில்லிமீட்டர் அளவுதான் நகரும். அதை விட்டுவிடலாம்.

## அறிகுறி 2: காபா ஸ்பெக்ட்ரத்தில் 3.2 பிபிஎம் அருகே மேலும் கீழுமாக ஒரு நெளிவு

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

காபா என்பது மூளையின் ஒரு நரம்புச் செய்திப்பொருள். அதை அளக்கும் மெகா-பிரஸ் முறையில் எடிட்டிங் பல்ஸ் (காபாவின் சிக்னலை மாற்றும் ரேடியோ துடிப்பு) போட்ட ஸ்பெக்ட்ரத்திலிருந்து போடாததைக் கழிக்கிறோம். கோலினும் கிரியேட்டினும் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் காணாமல் போக வேண்டும், காபா மட்டும் மிஞ்ச வேண்டும். இரண்டுக்கும் இடையே வெறும் 1 ஹெர்ட்ஸ் விலகல் இருந்தாலே, 6 ஹெர்ட்ஸ் அகலப் பீக்கில் அதன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் நிற்கும். கிரியேட்டினோடு ஒப்பிட்டால் காபா பீக் அதைவிடச் சின்னது. அதுவும் கிரியேட்டினுக்கு நேர் அடியில், 3.01-இல் உட்கார்ந்திருக்கிறது. 3.2-இல் கோலின் நெளிவதை நீங்கள் பார்க்கிறீர்கள் என்றால், 3.0-இல் கிரியேட்டினும் அதே அளவுக்கு நெளிந்து காபாவைக் கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று பொருள். அங்கே அது கண்ணில் படாமல் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நெளிவின் வடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

### ஒரு பக்கம் மேலே, மறு பக்கம் அதே அளவு கீழே

அதிர்வெண் விலகல்தான் இது. நேர்செய்யும் படி ஓடியதா என்று முதலில் பாருங்கள். ஓடியிருந்தால், எடிட் செய்த ஷாட்டுகளையும் செய்யாதவற்றையும் தனித்தனியாக நேர்செய்து, கடைசியில் ஒரு சராசரியை இன்னொன்றோடு பொருத்தினீர்களா? அந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பொருத்தும்போது எந்தப் பகுதியைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். 1.9 பிபிஎம்மில் விழும் எடிட்டிங் பல்ஸ், 2.01-இல் இருக்கும் என்ஏஏ என்ற மூளை வேதிப்பொருளையும் அடக்கிவிடும். ஆக என்ஏஏ ஒன்றில் உயரமாக நிற்கும், மற்றொன்றில் இருக்காது. அந்தப் பகுதியையும் சேர்த்துப் பொருத்தச் சொன்னால், இல்லாத பீக்கை ஈடுகட்ட மென்பொருள் தவறான பக்கம் இழுக்கும். கோலினைச் சுற்றிய குறுகிய பகுதியை மட்டும் கொடுத்துப் பாருங்கள், 3.2-இல் மிச்சம் மிகக் குறைவாக வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

### நெளிவு இல்லை, கோலின் இருக்க வேண்டிய இடத்தில் நேரான ஒரு சிறு பீக் அல்லது குழி

இது அதிர்வெண் அல்ல. இரண்டின் அகலமோ உயரமோ வேறுபடுகிறது. ஒரு வகை ஷாட்டுகளில் மட்டும் அதிகமாக நீக்கிவிட்டீர்களா என்று எண்ணிப் பாருங்கள். எடிட் செய்தது, செய்யாதது என்ற ஜோடியில் ஒன்றை நீக்கினால் மற்றதையும் நீக்க வேண்டும்.

### நெளிவின் வால் இரு பக்கமும் நீண்டு கிடக்கிறது

ஃபேஸ் விலகல் கலந்திருக்கிறது. அதிர்வெண்ணை மட்டும் திருத்தும் முறையை விட்டு, இரண்டையும் சேர்த்துத் திருத்தும் முறைக்கு மாறுங்கள்.

### நெளிவு போய்விட்டது, ஆனால் காபா எண் மட்டும் நம்பும்படி இல்லை

மென்பொருளின் எல்லை இதுதான். ஷாட்டுகளை நீங்கள் பின்னால் இழுத்து நேராக்கலாம். ஆனால் ஸ்கேன் நடந்தபோது எடிட்டிங் பல்ஸ் எங்கே விழுந்ததோ அங்கேதான் விழுந்தது. புலம் 10 ஹெர்ட்ஸ் மேலே போயிருந்தால், 1.9-ஐக் குறிவைத்த பல்ஸ் உண்மையில் 1.82-இல் விழுந்திருக்கும். 1.7-இல் இருக்கும் மேக்ரோமாலிக்யூல் (புரதம் போன்ற பெரிய மூலக்கூறு) சிக்னலுக்கு அது நெருக்கம். அதோடு இணைந்த சிக்னலும் 3.0-இல்தான் வரும், காபாவோடு சேர்ந்துகொள்ளும். புலம் கீழே போயிருந்தால் எதிர்த்திசை: பல்ஸ் 1.98 பக்கம் விலகும், மேக்ரோமாலிக்யூல் பங்கு குறையும்.

சாதாரண எடிட்டிங்கில் பல்ஸ் ஓரளவு அகலமானது, பத்து ஹெர்ட்ஸுக்குள் தாங்கும். மேக்ரோமாலிக்யூலை விலக்குவதற்காக 1.9-க்கும் 1.5-க்கும் சமச்சீராகப் பல்ஸ் போடும் முறையில் நிலைமை வேறு. அங்கே முழுக் கணக்கும் 1.7 நட்டநடுவில் இருப்பதை நம்பியே நிற்கிறது, சில ஹெர்ட்ஸ் நகர்ந்தாலே சமநிலை போய்விடும். முதல் வகையில் 10 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகிய ஷாட்டுகளையும், இரண்டாம் வகையில் 5 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகியவற்றையும் ஜோடியாக நீக்கிவிடுவது என் வழக்கம். பாதிக்கு மேல் போய்விட்டால் அந்த ஸ்கேனை ஆய்வில் சேர்ப்பதில்லை. ஒருவர் பொறுமையாகப் படுத்துக் கொடுத்த நேரம் வீணாகிறதே என்று மனசு கேட்காதுதான். ஆனாலும் தவறான எண்ணை உள்ளே விடுவது அதைவிட மோசம்.

இதை முன்கூட்டியே தடுக்கும் வழிகள் இரண்டு. எடிட் செய்ததையும் செய்யாததையும் ஷாட் விட்டு ஷாட் மாற்றி மாற்றி எடுங்கள். முதலில் ஒன்று முழுவதும், பிறகு மற்றது என்று எடுத்தால் நகர்வு முழுவதும் கழித்தலில் வந்து விழும். இரண்டாவது, உங்கள் சீக்வென்ஸில் (ஸ்கேனர் ஓட்டும் பல்ஸ் நிரல்) இடையிடையே நீரை அடக்காமல் ஒரு ஷாட் எடுத்து, அதை வைத்து மைய அதிர்வெண்ணை ஓட்டத்திலேயே திருத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

## அறிகுறி 3: தொடக்கத்தில் நீர் நன்றாக அடங்கியது, பாதியில் கிளம்பிவிட்டது

முதல் 16 ஷாட்டையும் கடைசி 16 ஷாட்டையும் தனித்தனியாகச் சராசரி போட்டு ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். நீர் பீக் கடைசியில் பலமடங்கு உயர்ந்திருந்தால், நீரை அடக்கும் பல்ஸின் பட்டையிலிருந்து நீர் நழுவியிருக்கிறது. கிரியேட்டினும் சேர்ந்து நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் அறிகுறி 1-இல் சொன்ன வரிசை மாற்றமே மருந்து. கிரியேட்டின் அசையாமல் நீர் மட்டும் மாறியிருந்தால் அது தலை அசைவாகவோ, நீர் அடக்கும் பல்ஸின் அளவீட்டுப் பிழையாகவோ இருக்கலாம்.

மிச்ச நீரை வைத்து ஷாட்டுகளை நேர்செய்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அடக்கம் மாறும்போது மிச்ச நீரின் வடிவமும் மாறும், சில நேரம் நேர்மறையிலிருந்து எதிர்மறைக்கே புரளும். அந்த இடத்தில் திருத்தம் திடீரென்று பல ஹெர்ட்ஸ் தாவுவதைப் படத்தில் பார்க்கலாம். புலம் அங்கே தாவவில்லை, மென்பொருள்தான் ஏமாந்திருக்கிறது.

## அறிகுறி 4: நேர்செய்த பிறகு முன்னைவிட மோசம்

அதிர்வெண் படத்தின் கோடு ரம்பப்பல் போலத் தாறுமாறாக இருக்கும், பீக் மெலிவதற்குப் பதில் அகலமாகும்.

முதல் சந்தேகம் சிக்னல் போதாமை. 2 செ.மீ. கனசதுர வாக்ஸலில் கிடைப்பது 3 செ.மீ. வாக்ஸலின் சிக்னலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தனி ஷாட்டில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. எட்டு எட்டு ஷாட்டாக, ஒரு முழு ஃபேஸ் சுற்றாக (பல்ஸ்களின் ஃபேஸ் மாறி மாறித் திரும்ப வரும் வட்டம்) இருக்கும்படி சேர்த்து, அந்தக் கட்டுகளை நேர்செய்யுங்கள். ஒரு ஷாட்டுக்கு 2 விநாடி என்றால் ஒரு கட்டு 16 விநாடி. நிமிடத்துக்கு 1 ஹெர்ட்ஸ் நகர்ந்தாலும் அதற்குள் கால் ஹெர்ட்ஸ்தான் ஆகும், தாராளமாகப் பொறுக்கலாம்.

அப்புறம் பொருத்தும் எல்லை. சிக்னலின் முதல் 200 மில்லி விநாடி அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் வருவது பெரும்பாலும் இரைச்சல். கொழுப்புப் பீக்குகள் இருக்கும் 0.9 முதல் 1.3 வரையுள்ள பகுதியையும் நீரையும் வெளியே விடுங்கள்.

மூன்றாவது, மாதிரி ஷாட். எல்லா ஷாட்டுகளின் சராசரியை மாதிரியாக வைத்தால் அதுவே மங்கலானது. மற்றவற்றோடு அதிகம் ஒத்துப்போகும் ஒரு ஷாட்டையோ, நடுமதிப்பையோ வையுங்கள்.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். நகர்வே இல்லாத ஒரு நல்ல ஸ்கேனை எடுத்து, நீங்களே 0-விலிருந்து 8 ஹெர்ட்ஸ் வரை சீராக ஏறும் நகர்வைச் சேர்த்து, மென்பொருளிடம் கொடுங்கள். அது அதே சரிவைத் திருப்பிக் காட்ட வேண்டும். இரைச்சலைக் கூட்டிக்கொண்டே போனால் எந்த இடத்தில் தோற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

## அறிகுறி 5: நடுவில் ஒரு தாவல்

ஆள் தலையை அசைத்திருக்கிறார், இருமியிருக்கிறார், அல்லது கால் மாற்றிப் போட்டிருக்கிறார். தாவி உடனே பழைய இடத்துக்குத் திரும்பினால் அந்தச் சில ஷாட்டுகளை நீக்கினால் போதும். தாவி அங்கேயே நின்றுவிட்டால் அதிர்வெண்ணை நேராக்குவது பாதி வேலைதான், ஏனென்றால் வாக்ஸலும் மூளையில் வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, ஷிம்மும் கெட்டிருக்கும். தாவலுக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்துச் சராசரி போட்டுப் பாருங்கள். பின்பகுதியில் அகலம் கூடியிருந்தாலோ 1.3 பக்கம் கொழுப்பு எழுந்திருந்தாலோ அதை விட்டுவிடுங்கள். ஸ்கேன் ஓடும்போதே தாவலைக் கண்டுபிடித்தால் நிறுத்தி, இடம் பார்த்து, ஷிம் செய்து மறுபடி தொடங்குவதே நல்லது.

## அறிகுறி 6: மேலும் கீழுமாக அலை

மூச்சு. நுரையீரலுக்குப் பக்கமான மூளைத்தண்டு, சிறுமூளை வாக்ஸல்களில் அதிகமாகத் தெரியும். 2 விநாடிக்கு ஒரு முறை அளப்பதால் அலை ஒழுங்காகத் தெரியாமல் மேலும் கீழும் குதிப்பதுபோலவும் இருக்கலாம். ஷாட் ஷாட்டாக நேர்செய்தால் அடங்கிவிடும். இங்கே மட்டும் எட்டு எட்டாகக் கட்ட வேண்டாம், அலை கட்டுக்குள்ளேயே கலந்துவிடும்.

## அறிகுறி 7: எதுவும் சூடாக்காத நாளிலும் சரிவு

எஃப்எம்ஆர்ஐ ஓடவில்லை, ஆள் அசையவில்லை, ஆனாலும் ஒவ்வொரு ஸ்கேனிலும் அதே பக்கம் சரிகிறது. இப்போது பேண்டம், அதாவது ஆளுக்குப் பதில் வைக்கும் சோதனைக் குடுவை, எடுக்க வேண்டிய நேரம்.

பேண்டத்தை முந்தின நாளே ஸ்கேனர் அறையில் வைத்துவிடுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். குளிர்ந்த அலமாரியிலிருந்து எடுத்து நேரே உள்ளே வைத்து அளந்துவிட்டு, இயந்திரம் கெட்டுவிட்டது என்று இரண்டு வாரம் அலைந்திருக்கிறேன். நீரின் அதிர்வெண் ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.01 பிபிஎம், அதாவது 1.3 ஹெர்ட்ஸ் அளவு நகரும். சூடாகிக்கொண்டிருந்தது பேண்டம்தான், காந்தம் சும்மாதான் இருந்தது.

காலையில் வேறு ஸ்கேன் எதுவும் ஓடும் முன், மையத்தில் வாக்ஸல் வைத்து, நீரை அடக்காமல் பத்து நிமிடம் அளந்துகொள்ளுங்கள். பிறகு பத்து நிமிடம் எஃப்எம்ஆர்ஐ சீக்வென்ஸை ஓட்டிவிட்டு, அரை மணி நேரம் மறுபடி நீரை அளந்துகொள்ளுங்கள். இரண்டு கோடுகளையும் தேதி போட்டுச் சேமியுங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்தால் உங்கள் இயந்திரத்தின் இயல்பு எது, கோளாறு எது என்று தெளிவாகிவிடும்.

### அமைதியான காலையில் பத்து நிமிடத்துக்கு 2 ஹெர்ட்ஸுக்குள்

காந்தம் நலம். புலம் தானாகத் தேய்வதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு மணிக்கு 0.1 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 0.2 ஹெர்ட்ஸ். எஃப்எம்ஆர்ஐக்குப் பின்னால் மட்டும் சரிந்தால் அது சூடு, மேலே சொன்னபடி வரிசையை மாற்றுங்கள்.

### அமைதியான காலையிலேயே அதைவிட அதிகம், திரும்பத் திரும்ப

சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். கிரேடியன்ட்டுக்கான குளிர்நீரின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலை, ஷிம் சுருளின் மின்வழங்கி, ஹீலியம் அழுத்தம், அதிர்வெண் உருவாக்கும் மின்னணுப் பகுதி இவற்றில் ஏதோ ஒன்று. எதுவுமே நாம் திறந்து பார்க்கக்கூடியது அல்ல. நாளின் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் தாவுகிறது என்றால் பக்கத்தில் லிஃப்ட், கனரக வண்டி, ரயில் ஏதாவது ஓடுகிறதா என்று நேரத்தோடு குறித்து வையுங்கள்.

### எஃப்எம்ஆர்ஐக்குப் பின் சரிவு முந்தைய மாதங்களைவிட இரட்டிப்பு

இதற்கும் இன்ஜினியர்தான், முதலில் குளிர்நீர் ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். “எம்ஆர்எஸ் சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவர் வழக்கமான தரச் சோதனையை ஓட்டுவார், அது தேறிவிடும், போய்விடுவார். சேமித்துவைத்த பேண்டம் கோடுகளை முன்னால் வைத்து, எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை நிமிடத்தில், எந்த சீக்வென்ஸுக்குப் பின், எந்தத் தேதியிலிருந்து என்று காட்டுங்கள்.